சக்கர நாற்காலியில் இருந்தபடி சமைக்க ஒரு மாடுலர் கிச்சன்: அளவெடுப்பதிலிருந்து ஆர்டர் கொடுப்பது வரை

மாடுலர் கிச்சன் போடுவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் பார்ப்பது கலர் கார்டைத்தான். ஷட்டர் பளபளப்பா மேட்டா, கிரானைட் கறுப்பா வெள்ளையா என்று இரண்டு வாரம் ஓடிவிடும். ஆனால் சமைக்கப் போகிறவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், அல்லது பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை சரியாக வரவில்லை, அல்லது மூட்டு வலியால் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை என்றால் அந்தக் கார்டை ஓரமாக வையுங்கள். டேப்பை எடுத்து முதலில் அவரை அளவெடுங்கள். சுவரை அப்புறம் அளக்கலாம்.

சேலத்தில் சமையலறை வேலை எடுத்துச் செய்கிறேன். இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் மகனோ, மருமகளோ, கணவரோதான் வந்து பேசுகிறார்கள். சமைக்கப் போகிற அக்கா உள்ளே இருப்பார். "அவங்களுக்கு எதுக்குங்க சிரமம், நாங்களே சொல்லிடறோம்" என்பார்கள். அவர் வரும்வரை நான் டேப்பை விரிப்பதில்லை. எந்தக் கையில் கரண்டி பிடிப்பார், எந்தப் பக்கம் திரும்பினால் தோள் வலிக்கும், குக்கரை அவரே இறக்குவாரா, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் அந்த மகனாகவோ மருமகளாகவோ இருந்தால் இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்தே படியுங்கள்.

முதல் வேலை: ஆளை அளப்பது

தினமும் உட்காரும் அதே நாற்காலி, அதே மெத்தை, காலில் அதே செருப்பு. மெத்தையை எடுத்துவிட்டு அளந்தால் இரண்டு மூன்று இன்ச் தவறிவிடும். தரையிலிருந்து தொடையின் மேல்பக்கம் வரை, நாற்காலியில் கை வைக்கும் கைப்பிடி வரை, மடக்கிய முழங்கை வரை, கண் மட்டம் வரை என்று நான்கு உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தள்ளும்போது விரல் முட்டி வெளியே நிற்குமே, அதையும் சேர்த்து நாற்காலியின் அகலம். பின்சக்கரத்திலிருந்து கால் பெருவிரல் வரை நீளம். கடைசியாக, முதுகை வளைக்காமல் கை எவ்வளவு தூரம் முன்னே, மேலே, பக்கவாட்டில் கீழே போகிறது என்பதை இரண்டு கைகளுக்கும் தனித்தனியாக எடுங்கள்.

இந்த அளவுகளிலிருந்துதான் மற்ற எல்லாம் வரும். நம் ஊரில் நின்று சமைக்கும் மேடை 33இலிருந்து 36 இன்ச் உயரம். உட்கார்ந்து சமைப்பவருக்கு அது நெஞ்சு மட்டத்தில் நிற்கும், தோளைத் தூக்கித் தூக்கி வெங்காயம் நறுக்க வேண்டியிருக்கும். மடக்கிய முழங்கையின் மட்டமோ அதற்கு ஓர் இன்ச் கீழோ இருந்தால் தோள் தளர்வாக இருக்கும். பலருக்கும் இது 30இலிருந்து 32 இன்ச்சுக்குள் அமைகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலும், ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளிலும் பேசப்படுவது பெரும்பாலும் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களைப் பற்றி. உங்கள் வீட்டு மேடையை யாரும் வந்து அளக்கப் போவதில்லை. ஆனாலும் நாற்காலி திரும்ப 5 அடி வட்டம், கதவுக்கு 900 மில்லிமீட்டர் திறப்பு, சாய்வுதளத்துக்கு 1:12 போன்ற அடிப்படை அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, காசே செலவில்லாத ஆனால் யாருமே செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. கூடத்தில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை போடுங்கள். அந்த உயரத்தில் அவர் ஒரு வேளைச் சமையலுக்கான காய் நறுக்கட்டும், சப்பாத்தி தேய்க்கட்டும், ஒரு பேசினில் அரிசி களையட்டும். உயரமாகத் தெரிந்தால் ஒரு வரிசை செங்கல்லை எடுங்கள். "அக்கா, இது தோளுக்கு இதமா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் சரி என்று சொல்லும் உயரத்தை எழுதிவையுங்கள். கடைக்காரர் கேட்லாக்கில் காட்டும் எந்த எண்ணையும்விட அந்த எண் உறுதியானது.

உள்ளே போகும் வழி

சமையலறை வாசற்படி ஒன்றரை இன்ச் இருந்தாலும் முன்சக்கரம் முட்டி நின்றுவிடும், மடியில் இருக்கும் பாத்திரம் முன்னால் பாயும். அரை இன்ச்சுக்கு மேல் எந்தத் தடுப்பும் வேண்டாம். தலைவாசல் நிலைப்படியில் மஞ்சள் குங்குமம் வைப்போம், அதை அறுக்கச் சொல்ல எனக்கும் மனசு வராது, அங்கே இரண்டு பக்கமும் சாய்வு வைத்துக்கொள்ளலாம். உள்ளே சமையலறைப் படியைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

பழைய வீடுகளில் சமையலறைக் கதவு இரண்டரை அடிதான், கதவின் கனம் போக இன்னும் குறையும். நிலையை இடிக்க வேண்டாம் என்றால் கதவை மட்டும் கழற்றிப் பாருங்கள், ஒன்றரை இன்ச் கிடைக்கும், சில நாற்காலிகளுக்கு அதுவே போதும். போதாவிட்டால் நிலையை மாற்றித்தான் ஆக வேண்டும். தரைக்கு மேட் ஃபினிஷ் டைல்ஸ் போடுங்கள். ஈரத்தில் வழுக்காத, அதே சமயம் சக்கரம் தடதடக்காத ரகமாக இருக்கட்டும். சிங்க் அடியில் போடும் சாக்கு, கால்மிதி எதுவுமே வேண்டாம்.

ஏற்காட்டில் வீடு என்றால் சரிவில் கட்டியிருப்பார்கள், வாசலுக்கு வருவதற்கே படிக்கட்டு இருக்கும். ஓர் அடி ஏற 12 அடி நீளச் சாய்வுதளம் வேண்டும், கதவுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம் வேண்டும், அங்கே நின்றுதான் பூட்டைத் திறக்க முடியும். மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் இடத்தில் பாலிஷ் கிரானைட் போட்டால் பாசி பிடித்து ஆளைச் சறுக்கிவிடும். கொத்திவிட்ட கல்லோ, விளக்குமாற்றால் கோடு இழுத்த சிமெண்ட்டோ போடுங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி கட்டாயம்.

எந்த வடிவம்?

நாற்காலி ஒரே இடத்தில் முழுதாகத் திரும்ப 5 அடி விட்டம் வேண்டும். ஒரு கயிற்றில் சாக்பீஸைக் கட்டி சமையலறைத் தரையில் வட்டம் போட்டுப் பாருங்கள். சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை பக்கமுள்ள பழைய ஓட்டு வீடுகளில் சமையலறையே ஆறடி அகலம்தான், இரண்டு பக்கமும் மேடை போட்டால் வட்டத்துக்கு இடமே இருக்காது. ஆனால் மேடைக்கு அடியில் காலியாக விட்டால் திரும்பும்போது கால்கள் அதற்குள் போய் வரும், அந்த இடமும் கணக்கில் சேரும். அதனால் சின்ன அறைக்கு எல் வடிவம்தான் நல்லது. யு வடிவம் என்றால் இரண்டு மேடைக்கும் நடுவே 5 அடி விடுங்கள். நடுவில் தனி மேடை என்ற பேச்சே வேண்டாம்.

வடிவத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சிங்க், நறுக்கும் இடம், அடுப்பு மூன்றும் ஒரே ஓட்டமாக, நடுவில் இடைவெளியோ உயர வித்தியாசமோ இல்லாமல் அமைய வேண்டும். அப்போது தண்ணீர் பிடித்த பாத்திரத்தைத் தூக்கவே வேண்டாம், மேடை மேலேயே நகர்த்திக்கொண்டு போகலாம். ஃப்ரிட்ஜ் இந்த ஓட்டத்தை வெட்டாமல் ஓரத்தில் நிற்கட்டும்.

முழங்காலுக்கு இடம்

சமையலறையின் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. சிங்க், நறுக்கும் இடம், அடுப்பு இந்த மூன்றுக்கும் அடியில் ட்ராயர், ஷட்டர், சிலிண்டர் எதுவும் இருக்கக் கூடாது. அகலம் குறைந்தது 30 இன்ச், 36 இருந்தால் நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துக்கூட நுழைக்கலாம். தரையிலிருந்து 27 இன்ச் உயரம் காலியாக வேண்டும். அவர் தொடை அளவோடு ஒப்பிட்டு ஒரு இன்ச்சாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 19 இன்ச்சுக்குக் குறையாமல், முடிந்தால் சுவர் வரைக்கும்.

நாற்காலியின் கைப்பிடி உயரமாகவும் முன்வரை நீண்டும் இருந்தால் மேடை விளிம்பில் முட்டிக்கொண்டு உள்ளே போகாது. மேடையை உயர்த்துவதைவிட, முன்பக்கம் குட்டையான கைப்பிடியோ கழற்றக்கூடிய கைப்பிடியோ உள்ள நாற்காலிக்கு மாறுவது சுலபம்.

கீழே தாங்க ஒன்றும் இல்லாததால் கிரானைட்டை வெறுமனே விட முடியாது. சுவரில் ஆங்கிள் அடித்து, முன்பக்கம் ஓர் இன்ச் சதுரக் குழாய் ஃப்ரேம் கொடுத்து, அதன்மேல் கல்லைப் போடச் சொல்லுங்கள். குழாய் தடிமனானால் அவ்வளவும் முழங்கால் இடத்தில்தான் குறையும். கல்லின் முன்விளிம்பில் மெல்லிய வரம்பு ஒன்று வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்தால் நிற்பவர் பின்னால் நகர்ந்துவிடுவார், உட்கார்ந்திருப்பவர் மடியில்தான் அது விழும்.

மற்ற ட்ராயர் யூனிட்டுகளுக்கு அடியில் தரையோடு வரும் ஸ்கர்ட்டிங் பலகை சாதாரணமாக 4 இன்ச். நாற்காலியின் கால் வைக்கும் பலகை அதில் நுழையாது. 9 இன்ச் உயரம், 6 இன்ச் உள்வாங்கல் கேளுங்கள். ட்ராயர் ஒன்று குறையும், ஆனால் பக்கவாட்டில் வந்து நெருங்கி நிற்க முடியும்.

அடுப்பு

நாற்காலியில் இருப்பவரின் முகம் அடுப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். குக்கர் ஆவி, கடுகு தெறிப்பு எல்லாம் நேராகக் கண் மட்டத்துக்கு வரும். மேடை 31 இன்ச், அதன்மேல் ஸ்டாண்ட் வைத்த அடுப்பு 4 இன்ச், அதன்மேல் குக்கர் என்றால் மூடி அவர் மூக்குக்கு நேராக நிற்கும். ஆகவே மேடையில் பதிக்கும் ஹாப் போடுங்கள், இல்லையென்றால் அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 3 இன்ச் தாழ்த்துங்கள், அப்போதும் அடியில் தொடைக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. பர்னர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். முன்னும் பின்னுமாக இருந்தால் எரியும் தீயைத் தாண்டிக் கை நீட்ட வேண்டிவரும், நைட்டிக் கையும் முந்தானையும் பற்றிக்கொள்ளும். ஹாப்புக்கு அடியில் வெப்பம் இறங்காத தகடு ஒன்று கட்டாயம்.

பின்சுவரில் சாய்வாக ஒரு பளபளப்பான ஸ்டீல் தகடு மாட்டினால் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்தபடியே தெரியும். கண்ணாடி வேண்டாம், சூட்டில் விரிசல் விடலாம்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குத் தொடையில் உணர்ச்சி இருக்காது. சூடான பாத்திரத்தை மடியில் வைத்தால் சுட்டதே தெரியாது, மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். சூடான எதையும் மடியில் எடுத்துப் போகவே கூடாது. வரம்பு வைத்த மரத்தட்டில் ஆறியதை மட்டும் எடுத்துப் போகட்டும், சூடானதற்குச் சக்கரம் வைத்த ட்ராலி வாங்கிக் கொடுங்கள். கஞ்சி வடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. கொதிக்கும் பானையை உட்கார்ந்தபடி சாய்ப்பது நிஜமாகவே ஆபத்து. வடிசாதம்தான் வேண்டும் என்றால் ஓட்டை போட்ட உள்கூடையோடு வரும் பாத்திரத்தில் வேகவைத்து, கூடையை மட்டும் தூக்கி எடுக்கலாம்.

இண்டக்ஷன் வைத்தால் தீ பயம் குறையும், பாத்திரத்தை எடுத்தால் அதுவே நின்றுவிடும். ஆனால் அலுமினிய இட்லிப் பானை அதில் வேலை செய்யாது, அடிப்பாகம் காந்தத்தில் ஒட்ட வேண்டும். இன்ஃப்ராரெட் அடுப்பில் எல்லாப் பாத்திரமும் ஓடும், ஆனால் அணைத்த பிறகும் மேல்தகடு வெகுநேரம் சுடும் என்பதால் உணர்ச்சி குறைந்தவருக்கு நான் சொல்ல மாட்டேன். கை நடுக்கம் உள்ளவருக்குத் தொடுபொத்தான் ஒத்துவராது, அழுத்தும் பொத்தான் உள்ள மாடல் பாருங்கள். கரண்ட் போகும் நாட்களுக்கு கேஸ் பர்னர் ஒன்றாவது இருக்கட்டும்.

சிலிண்டர்: 14.2 கிலோ கேஸ் உள்ள முழு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதை வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து, ஏஜென்சி ஆளைக் கொண்டு காப்பர் லைன் இழுத்து, மூடும் வால்வை மட்டும் மேடையின் முன்பக்கம் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் முன்புறம் திறந்த தனி யூனிட்டில், கீழே காற்றுப் போகும் வழியோடு வையுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தேங்கும்.

சிங்க், தண்ணீர்

ஆழமான சிங்க் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது, ஆனால் அது முழங்காலில் இடிக்கும். 5 அல்லது 6 இன்ச் ஆழம் போதும். தண்ணீர் போகும் துளை பின்மூலையில் இருக்கட்டும், பைப் சுவரோடு ஒட்டி இறங்கட்டும், வெந்நீர் பைப் இருந்தால் அதற்கு உறை போடுங்கள். குழாயைச் சிங்கின் பின்னால் வைத்தால் எட்டாது. பக்கவாட்டில், ஒற்றைக் கைப்பிடிக் குழாயாக, இழுத்தால் நீளும் ஹோஸோடு வையுங்கள். அந்த ஹோஸ் அடுப்பு வரை எட்டினால் பருப்புக்கான தண்ணீரை நேராகப் பாத்திரத்திலேயே பிடிக்கலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் குழாய் சீக்கிரம் இறுகிவிடும், கை பலம் குறைந்தவருக்கு அதுவே பெரிய இடைஞ்சல், அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் தெருக்களில் குடத்தில் பிடித்துவைப்பதுதான் வழக்கம். குடத்தைச் சாய்க்காமல் எடுக்க, கீழே குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்றை மேடை ஓரத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து ஹோஸ் விட்டு நிரப்பலாம். சுத்திகரிப்பு மெஷினை ஆளுயரத்தில் மாட்டாமல், அதன் குழாய் மேடையில் வைத்த டம்ளருக்கு நேராக வரும்படி இறக்குங்கள்.

சாமான் வைக்க

உட்கார்ந்தபடி கை எட்டும் எல்லை தரையிலிருந்து சுமார் 15 இன்ச் முதல் 48 இன்ச் வரை. மேடைக்கு மேலாகக் கை நீட்டும்போது அது 44 இன்ச்சாகக் குறைந்துவிடும். தினமும் தொடும் எல்லாம் இதற்குள். பரண் இருந்தால் பொங்கல் பானையும் விருந்துப் பாத்திரமும் அங்கே போகட்டும். மேலே ஷட்டர் வைத்த அலமாரி போடுவதைவிட மேடைக்கு ஓர் அடி மேலே ஒரே ஒரு திறந்த தட்டு நன்றாகப் பயன்படும். மேடையின் ஓரத்தில் இரண்டு பக்கமும் திறக்கும் இழுப்பு யூனிட் ஒன்று, கீழே முழுசாக வெளியே வரும் சேனல் போட்ட ட்ராயர்கள். கீல் ஷட்டர் திறந்தால் நாற்காலியில் இடிக்கும், அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதனால் தவிர்த்துவிடுங்கள். அஞ்சறைப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்து மேல் ட்ராயரில் இருக்கட்டும். கைப்பிடிகள் விரலால் கிள்ளிப் பிடிக்கும் குமிழாக வேண்டாம், நான்கு விரலும் நுழையும் வளைவுக் கைப்பிடி போடுங்கள்.

மிக்ஸியையும் கிரைண்டரையும் உள்ளே வைத்து எடுப்பது நடக்காத காரியம். இரண்டரை அடி உயரத்தில் அவற்றுக்கென நிரந்தர இடம் வேண்டும், சாய்க்கும் கிரைண்டராக இருந்தால் குழவியைத் தூக்காமல் மாவை வழிக்கலாம். அரிவாள்மனைக்குப் பதிலாக, ட்ராயர் போல வெளியே வரும் பலகையும் அதில் காயைக் குத்தி நிறுத்த இரண்டு ஸ்டீல் ஆணியும் இருந்தால் ஒரு கையாலேயே நறுக்க முடியும்.

சுவிட்சுகள் வழக்கமாக மேடைக்குப் பின்சுவரில் வரும். அவற்றை முன்விளிம்புக்கோ பக்கச் சுவருக்கோ மாற்றுங்கள், தண்ணீர் படும் இடம் என்பதால் கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பாக வேண்டும். இண்டக்ஷனுக்கு 16 ஆம்ப் பாயிண்ட்.

எதில் செய்வது?

நாற்காலியின் கால்பலகை தினமும் பத்து தடவையாவது கீழ்ப்பலகையில் இடிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால் ஓரம் உடைந்து, தரை துடைக்கும் ஈரம் ஏறி, ஊதிவிடும். சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை தெரிந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை, 304 தரத்தில் பெட்டிகளைச் செய்துகொள்வது என் முதல் தேர்வு. மரம்தான் வேண்டும் என்றால் ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள ப்ளைவுட், தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை அதன்மேல் ஸ்டீல் தகடு. ஏற்காட்டில் பனிக்காலத்து ஈரம் சுவரிலிருந்தே இறங்கும், அங்கே பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் காற்றிடம் விட்டு மாட்டுங்கள்.

நிற்க முடிந்தவர், ஆனால் வெகுநேரம் முடியாதவர்

இவருக்கு மேலே சொன்ன பல அளவுகள் பொருந்தாது. மேடையைத் தாழ்த்தினால் குனிய வேண்டிவரும், முதுகும் மூட்டும் இன்னும் வலிக்கும். வழக்கமான உயரத்திலேயே மேடையை விட்டு, அரைகுறையாகச் சாய்ந்து உட்காரும் உயரமான ஸ்டூல் ஒன்றை நறுக்கும் இடத்தில் வையுங்கள், சக்கரம் இல்லாததாக, அடியில் ரப்பர் போட்டதாக. மேடையின் முன்விளிம்பு முழுக்கப் பிடித்து நடக்க ஒரு கம்பி. குனிந்து எடுக்கும் கீழ் ட்ராயரில் கனமானது எதுவும் வேண்டாம். வீட்டில் ஒருவர் உட்கார்ந்தும் இன்னொருவர் நின்றும் சமைக்கிறார்கள் என்றால் 31 இன்ச்சில் ஒரு பகுதி, 34 இன்ச்சில் ஒரு பகுதி என்று பிரித்துவிடலாம், ஆனால் சிங்கும் அடுப்பும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கட்டும்.

வாடகை வீடு என்றால்

உரிமையாளர் சுவரைத் தொட விடமாட்டார். பரவாயில்லை. வெல்டிங் பட்டறையில் ஒன்றரை இன்ச் சதுரக் குழாயில் 4 அடி நீள மேசை ஒன்று அடிக்கச் சொல்லி, மேலே கடப்பா கல்லோ கிரானைட் துண்டோ போட்டு, அவர் உயரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் இண்டக்ஷன், பக்கத்தில் குழாய் வைத்த டிரம், கீழே கழிவுநீர் பிடிக்கும் வாளி. பழைய மேடையில் சிங்குக்கு அடியில் இருக்கும் ஷட்டரைக் கழற்றிப் பத்திரமாக வைத்தால் காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம். மேசை உங்களோடு அடுத்த வீட்டுக்கும் வரும்.

ஆர்டர் கொடுக்கும்போது

அவர் அளவு எண்களை ஒரு தாளில் எழுதி, வரைபடத்தோடு பின் அடித்து, பட்டறைக்காரர் கையெழுத்து வாங்குங்கள். "ஸ்டாண்டர்டு சைஸ்லயே போட்டுடலாங்க, சீப்பா முடியும்" என்று சொன்னால் செங்கல் அடுக்கிப் பார்த்த உயரத்தைக் காட்டுங்கள். பெட்டிகள் வந்ததும் கல் ஒட்டுவதற்கு முன்னால் அவரை நாற்காலியோடு ஒவ்வொரு இடத்துக்கும் போகச் சொல்லுங்கள், முழங்கால் எங்கே தட்டுகிறது, கை எங்கே நிற்கிறது என்று பார்த்து அப்போதே சரிசெய்துவிடலாம். கிரானைட் ஓரத்துக்கு சிலிகான் அடிப்பதை மட்டும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். அந்த ஒரு வாரம் அவர் அங்கே நிஜமாகவே சமைக்கட்டும், அரை இன்ச் ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்றால் அதற்குள் சொல்லிவிடுவார்.